மலர் எடுத்த இறகுக் காவடி

எங்கள் தெருவில் இந்தக் கிழமை ஒரு வீட்டுக்குச் சாரம் கட்டுகிறார்கள்.

காலையில் அரிசி களைந்துகொண்டு நின்றேன். மேலே நின்ற ஒருவன் குழாயைச் சுத்தியலால் தட்டினான். டிங். கீழே நின்றவன் பதிலுக்குத் தட்டினான். டிங், டிக்கிடிங். வேலைக்கல்ல, விளையாட்டுக்கு. என் கை அரிசித் தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. கால் நிற்கவில்லை. வலது பாதம் நிலத்தைவிட்டு எழாமல் ஒரு விரற்கடை முன்னே உரசிப்போனது. பிறகு இடது.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. மறந்துவிடு என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதத்துக்குத் தாளம் கேட்கிற காது மட்டும்தான் உண்டு போல.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தைப் பற்றி இந்தப் பத்தியில் சென்ற கிழமை எழுதியிருந்தேன். வாசகி ஒருவர், "அந்த மலருக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டே வரியில் வந்துபோனவளை அவர் எப்படிப் பிடித்தார் என்று தெரியவில்லை. தாண்டிப் போய்விடலாம் என்று நான் நினைத்த இடம் அது.

மலருக்குச் சொல்லவேண்டிய ஒரு செய்தியை நான் ஐந்து நாள் வைத்திருந்தேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து நாளைச் சொல்வதற்கு முதலில் ஆட்டத்தைச் சொல்லவேண்டும்.

கதிரை இல்லாத மண்டபம்

எண்பதுகளின் கடைசிப் பகுதி. நானும் மலரும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் பரமண்ணையின் வீட்டு மேல்மாடியில் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு இருபத்தைந்து, அவளுக்கு இருபத்திரண்டு. அறைக்கு ஒரு யன்னல், யன்னலுக்கு ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவளுடைய பால்மாப் பேணி. தேத்தண்ணிக்கு அல்ல. கரண்டியால் அள்ளி வெறும் மாவாகவே வாயில் போடுவாள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாவோடு கதைப்பாள். வெள்ளை உதட்டோடு சிரிப்பாள்.

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை அழுத்துகிற பெரிய இயந்திரத்தில் எங்களோடு வேலை செய்தவர் பேர்ல். திரினிடாட்டில் பிறந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் நாக்கு வளையவில்லை. மலர்தான் முதலில் "பேர்லக்கா" என்றாள். அது என்ன பட்டம் என்று அவர் கேட்டார். "மரியாதை" என்றோம். அன்றிலிருந்து சலவைக்கூடத்தில் இருந்த கறுப்பர், வெள்ளையர், போலந்துக் கிழவி எல்லோருக்கும் அவர் பேர்லக்கா.

அவர் சனிக்கிழமைகளில், மத்தியானத்துக்குப் பிறகு, ஃபொறெஸ்ட் கேற் பக்கம் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் பெண்களுக்குக் கார்னிவல் ஆட்டம் பழக்கினார். ஓகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை மேற்கு லண்டன் வீதிகளில் இறங்குகிற ஊர்வலத்துக்கு அவருடைய ஒரு பிரிவு போகும். மலருக்குத் தையல் கை. கிழிந்த ஆஸ்பத்திரி அங்கிகளை அவள் தைக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு, இறகு தைக்க வா என்று கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன்.

போனதும் மலர் கேட்டாள். "நான் எங்க இருந்து தைக்கிறது?"

"தைக்க வந்தவள் கதிரையில் இருக்கலாம்" என்றார் பேர்லக்கா. "ஆனால் என் மண்டபத்தில் கதிரை இல்லை."

அவர் பேசியது அவருடைய தீவின் ஆங்கிலம். பாதி விளங்காது. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

மண்டபத்தில் நிலத்துக்குப் பூசும் மெழுகின் மணம். நனைந்த கோட்டுகளின் மணம். யாரோ வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பொரித்த மா உருண்டையின் மணம். பதினைந்து, பதினாறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். பேர்லக்காவின் தம்பி மூலையில் ஒரு மரவாங்கின் நுனியில் குந்தியிருந்தார். மடியில் ஒரு பழைய காரின் பிரேக் டிரம். கையில் இரண்டு இரும்புத் துண்டுகள்.

அவர் தட்டினார்.

மலர் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "எடியே, இது எங்கட பள்ளிக்கூட மணி!"

மலரின் அப்பா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பியோன். பள்ளிக்கூடத்தின் உண்மையான மணியை ஒரு இடப்பெயர்வில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பிறகு லொறியொன்றின் பிரேக் டிரம்மை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதில்தான் அவர் அடித்தார். பாடம் தொடங்க, பாடம் முடிய, ஹெலிகொப்டர் வந்தால் பிள்ளைகள் மேசைக்குக் கீழே போக. மூன்றுக்கும் மூன்று விதமான அடி. மலர் அந்த மூன்றையும் கன்னத்தில் விரலால் தட்டிக் காட்டுவாள்.

நிலம் உனக்கு என்ன செய்தது?

மலர் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் பரதநாட்டியம் பழகியவள். முதல்நாள் அரைமண்டியில் இருந்து குதியால் தட்டினாள். மண்டபம் அதிர்ந்தது. பேர்லக்கா இரும்பை நிறுத்தச் சொன்னார்.

"பிள்ளை, நிலம் உனக்கு என்ன செய்தது? ஏன் அடிக்கிறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள்.

பாதத்தைத் தூக்காதே என்றார். தடவு. நிலத்தைத் தடவிக்கொண்டே போ. வீதி ஐந்து மைல். முதல் மைலில் துள்ளுகிறவளை மூன்றாம் மைலில் தூக்கிக்கொண்டு போவார்கள். துள்ளாதவள்தான் கடைசிவரை ஆடுவாள்.

அதுதான் முதல் பாடம். நடை. ஒரு பாதம் உரசி முன்னே வரும், மற்றது உரசி அதைப் பிடிக்கும். பார்த்தால் ஒன்றுமில்லை. களைத்த மனிதர் வீட்டுக்குப் போகிற நடை. நாலு சனிக்கிழமை அதை மட்டுமே நடந்தோம்.

பிறகு இடுப்பு. என் இடுப்பு என்னுடையதல்ல என்று அன்றுதான் தெரிந்தது. அம்மா, ஆசிரியை, பஸ்ஸில் பின்னால் நின்றவர்கள், காவலரணில் அடையாள அட்டை பார்த்தவன் என்று எல்லோருமாகச் சேர்ந்து அதைக் கட்டிவைத்திருந்தார்கள். பேர்லக்கா என் முன்னே நின்று தன் இடுப்பால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். எண்ணெய்ச் சட்டிக்குள் எண்ணெய் சுழல்வது போல. நான் போட்டது சதுரம்.

"வதனி, நீ அலுமாரி தள்ளுறமாதிரி இருக்கு" என்றாள் மலர்.

"உன்ரை மட்டும் என்ன, கோழி மண் கிண்டுறமாதிரி."

"கோழியெண்டாலும் உயிருள்ள சாமான்."

வீட்டில் பரமண்ணைக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் நல்ல மனிதர். தொலைபேசியின் சுழற்று வட்டத்துக்குச் சின்னப் பூட்டுப் போட்டு வைத்திருப்பார், ஆனால் யாருக்கும் அழைப்பு வந்தால் படி ஏறிவந்து கூப்பிடுவார். சமையலறையில் எங்களைக் கண்டதும் மீசைக்குள் சிரித்தார்.

"என்ன பிள்ளையள், இடுப்பாட்டப் பழகிறியளாம்? ஊரைத்தான் ஆமிக்காரன் ஆட்டுறான். இஞ்ச ஆரம்மா உங்களை ஆட்டுறது?"

"அண்ணையும் வாங்கோவன். உங்கட வண்டி ஆடினால் பாக்க வடிவா இருக்கும்" என்றாள் மலர்.

அவர் தன் தொந்தியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்படி ஒரு கோடை. அந்தக் கோடை முழுவதும் ஊரிலிருந்து வந்த கடிதங்களில் எல்லாம் யாராவது இல்லாமல் போயிருந்தார்கள். சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் மட்டும் நாங்கள் கடிதம் வராத இடத்தில் இருந்தோம். தகரப் பீப்பாயை வெட்டிச் செய்த வாத்தியங்களோடு சிலர் வருவார்கள். ஊரில் அதே பீப்பாய்களுக்குள் மண் நிரப்பி வீதிக்குக் குறுக்கே அடுக்கியிருந்தார்கள். அதன் பின்னாலிருந்து துவக்கின் குழல் நீளும். இங்கே அதன் முகத்தைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி, குழித்து, உள்ளேயிருந்து தேன் எடுத்திருந்தார்கள். முதல்நாள் கேட்டபோது நான் கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

நடையில் ஒலித்த தொலைபேசி

அந்த வருடம் பேர்லக்காவின் பிரிவு சிவப்புப் பறவைகள். அவருடைய தீவில் அந்திநேரத்தில் சதுப்புநிலத்துக்குத் திரும்பிவருகிற பறவையாம், முழுச் சிவப்பு. தோளில் ஒரு வளைவு. பிரம்பும் கம்பியும் சேர்த்துக் கட்டி, துணி சுற்றி, அதன்மேல் இறகு. இரண்டு இரண்டு பறவைகளாகப் போகவேண்டும். ஒருத்தியின் இடது இறக்கையிலிருந்து மற்றவளின் வலது இறக்கைக்கு ஒரு சிவப்பு நாடா. சோடி வராவிட்டால் மற்றவளும் நிற்கவேண்டியதுதான்.

என் சோடி மலர்.

ஊர்வலத்துக்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு லீவு. மலர் வேலையில். பரமண்ணை கடைக்குப் போயிருந்தார். மத்தியானம் கீழே நடையில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். கொழும்பிலிருந்து மலரின் அத்தான், அக்காவின் புருசன்.

"ஆர், வதனியோ? மலர் நிக்கிறாவோ?"

"இல்லை, வேலைக்கு."

அவர் சொன்னார். மாமா, மலரின் அப்பா, மோசம் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை. நெஞ்சு நோ. ஊரடங்கு, வாகனம் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. புதன்கிழமை எரித்தாயிற்று. பஸ்ஸில் கொழும்புக்கு வந்த ஒருவர்தான் சொன்னார்.

"அவவுக்கு இப்பவே நேரா உடைச்சுச் சொல்லிப்போடாதையுங்கோ, தங்கச்சி. தனிய இருக்கிற பிள்ளை. முதல்லை கடுமை எண்டு சொல்லுங்கோ. பிறகு மெல்ல மெல்ல..."

இணைப்பு அறுந்தது.

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விடயம். தூரத்தில் இருக்கிறவருக்குச் சாவை நாங்கள் சாவென்று சொல்வதில்லை. கொஞ்சம் சுகமில்லை என்போம். பிறகு கடுமை என்போம். படுக்கையில் ஏற்றி, மருந்து கொடுத்து, செத்தவரை இன்னொருமுறை எங்கள் சொல்லாலேயே சாகவைப்போம். அது இரக்கம் என்றுதான் வளர்ந்தோம்.

அத்தான் சொன்னபடிதான் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இங்கே அச்சில் அதைச் சொல்ல முடியாது. தொலைபேசியை வைத்த கையோடு நான் முதலில் நினைத்தது மலரின் அப்பாவை அல்ல. முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, என்று நினைத்தேன். சொன்னால் அவள் ஆடமாட்டாள். அவள் ஆடாவிட்டால் நான் ஆட முடியாது. என் இருபத்தைந்து வயதில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த ஒரேயொரு திங்கட்கிழமை. எரித்தும் முடித்துவிட்டார்கள், அவள் போகவும் முடியாது, செவ்வாய்க்கிழமை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று படியில் இருந்தபடியே கணக்குப் பார்த்தேன்.

மலர் ஆறு மணிக்கு வந்தாள். கையில் இறகுப் பை. என் முகத்தைக் கண்டதும், "என்னடி?" என்றாள்.

"அத்தான் எடுத்தவர். அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்."

நேர்த்தி

சொன்ன பொய் சொன்ன இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன்.

மலர் அழவில்லை. கட்டிலில் இருந்தாள். கடுமை என்றால் எவ்வளவு கடுமை என்று கேட்டாள். தெரியாது, லைன் அறுந்துவிட்டது என்றேன். பரமண்ணையிடம் கெஞ்சிப் பூட்டைத் திறந்து மூன்று தடவை கொழும்புக்கு எடுத்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. நான் கண்விழித்தபோது அவள் தலைமுழுகி இருந்தாள். யன்னல் ஓரமாக முருகன் படக் கலண்டர். அதன் கீழே, கதிரையின் மேல், அவளுடைய சிவப்பு இறக்கை. அதற்குக் குங்குமம் வைத்திருந்தாள். சின்ன மூடியொன்றில் கற்பூரம் எரிந்தது.

"வதனி, இதைப் பாரன். வளைவைப் பார். தோளிலை வைக்கிறது, இறகு கட்டுறது. இது காவடிதானே?"

"எங்கட கோயிலிலை பொம்பிளையள் காவடி எடுக்க விடமாட்டினம். பால்செம்புதான். இஞ்ச ஆர் என்னை மறிக்கிறது? அப்பாவுக்குச் சுகம் வரவேணும் எண்டு நேந்திட்டன். திங்கட்கிழமை செருப்பில்லாமல், தண்ணி குடிக்காமல், தொடங்கின இடத்திலையிருந்து முடியிற இடம் மட்டும் நிக்காமல் ஆடுவன்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இப்போதும் அந்த அறைக்குள் போய் நிற்கிறேன். கற்பூரம் எரிகிறது. அவளுடைய ஈரத் தலையிலிருந்து சட்டையின் முதுகில் தண்ணீர் இறங்குகிறது. நான் வாயைத் திறக்கிறேன்.

"கால் பழுதாகப் போகுது, மலர்" என்றேன். அதுதான் வந்தது.

"போனால் போகட்டும். மணி அடிச்சு அடிச்சு அப்பாவின்ரை கையும் பழுதாத்தானே போச்சு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் மரக்கறியும் பழமும் மட்டும் சாப்பிட்டாள். பால்மாப் பேணியைத் தொடவில்லை.

வீதி

திங்கட்கிழமை நல்ல வெயில். மேற்கு லண்டனின் அந்த வெள்ளைநிற வீடுகளின் யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். சுட்ட சோளம், கோழி, வியர்வை, பியர். லொறிகள் ஆமைபோல ஊர்ந்தன. எங்களுக்கு முன்னால் போன லொறியின் பின்பலகையில் பேர்லக்காவின் தம்பி இரும்போடு இருந்தார்.

மலர் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள். பேர்லக்கா கண்டுவிட்டார்.

"போடு அதை! வீதியெல்லாம் போத்தல்!"

"நேர்த்தி, பேர்லக்கா" என்றாள் மலர். அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொன்னாள். பிறகு அவருக்குத் தெரிந்த மொழியில், அப்பாவுக்குச் சுகமில்லை, அவருக்காக, என்றாள்.

பேர்லக்கா அவள் முகத்தைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துத் தலையைக் குனிந்தார். அதன்பிறகு சப்பாத்தைப் பற்றிப் பேசவில்லை.

தொடங்கினோம். அவள் நடந்தாள். நாலு சனிக்கிழமை பழகிய அந்த உரசல் நடை. துள்ளவில்லை. இடுப்பு தானாகச் சுழன்றது. தோளில் இறக்கை ஒருபக்கம் சரிந்து மறுபக்கம் நிமிர்ந்தது. மயிலிறகுக்குப் பதில் சிவப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஆடியவர்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். ஒரு வயதான மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளோடு நூறு அடி நடந்தார். இது ஆட்டமல்ல, வேறு ஏதோ என்று அங்கே எல்லோருக்கும் விளங்கியது. அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாடாவின் மறுநுனியில் நான். நான் ஆசைப்பட்ட திங்கட்கிழமை. என் காலில் சப்பாத்து.

இரண்டாவது மைலில் அவளுடைய பாதம் பட்ட இடத்தில் ஈரம் தெரிந்தது. தார் வீதியில் இரத்தம் சிவப்பாகத் தெரியாது. கறுப்பு வீதியில் இன்னும் கொஞ்சம் கறுப்பாகத்தான் தெரியும்.

ஒரு திருப்பத்தில் லொறி நின்றது. பீப்பாய்கள் ஓய்ந்தன. இரும்பு மட்டும் ஓயவில்லை. டிங், டிக்கிடிங், டிங். நான் நாடாவை இழுத்து அவளுக்குக் கிட்டப் போனேன். இப்போது சொல்லிவிடு. இங்கேயே.

அவள் கண்ணைத் திறந்தாள். வெடித்த உதட்டோடு சிரித்தாள்.

"கேக்குதோடி? அப்பா மணி அடிக்கிறார்."

நான் சொன்னேன், "ஓம். கேக்குது."

முதல் பொய்யை அத்தான் எனக்குக் கடன் தந்தார். இது முழுக்க என்னுடையது.

கடைசிவரை ஆடினாள். முடிந்த இடத்தில் நடைபாதை ஓரத்தில் குந்தி, இறக்கையை இறக்கி மடியில் வைத்தாள். அதன்பிறகுதான் தண்ணீர் கேட்டாள். ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்பா இப்ப எழும்பி இருந்திருப்பார். பாத்துக்கொண்டிரு, அத்தான் எடுத்துச் சொல்லுவார்" என்றாள்.

கால் கழுவிய தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை இருவருக்கும் லீவு. மலரைக் கட்டிலில் இருத்தி, பேசினில் வெந்நீர் விட்டு, உப்புப் போட்டு, அவளுடைய பாதங்களை வைத்தேன். உள்ளங்காலில் இருந்து ஊசியால் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தேன். நெல்லுமணி அளவு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஏதோ மெட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். பாடம் முடிகிற மணி.

நான் நிமிராமல் சொன்னேன். "மலர், அப்பா மோசம் போயிட்டார்."

தட்டிய விரல் நின்றது.

"எப்ப?"

"போன செவ்வாய்."

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. கீழே பரமண்ணை கேத்தலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ எப்ப கேள்விப்பட்டனி?"

"வியாழக்கிழமை."

அவள் ஒரு பாதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். பிறகு மற்றதை. என் கைபடாமல் எடுத்தாள். ஈரக்காலோடு எழும்பி, யன்னலுக்குப் போய், கலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். அவளுக்குத் துடக்கு வந்துவிட்டது.

பரமண்ணை இடுப்புச் சாறத்தை முடிந்துகொண்டு மேலே வந்தார். வாசலில் நின்று அழுதார். "தெரியாமல் கற்பூரம் கொளுத்தினதெல்லாம் குற்றமில்லை, பிள்ளை. கேள்விப்பட்ட நாளிலையிருந்துதான் துடக்கு" என்று அவளை ஆற்றினார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வியாழக்கிழமையே கேள்விப்பட்டவள் நான். அப்படியானால் அந்த ஐந்து நாளும் துடக்கு எனக்குத்தான். அதோடுதான் நான் அவளுக்கு நாடா கட்டினேன்.

ஒரு கிழமை கழித்து பேர்லக்கா வந்தார். பொரித்த மா உருண்டையும், உப்பு மீனும், ஒரு பெரிய சட்டி சோறும். துடக்கு வீட்டில் மீன் ஆகாது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மலர் மீனைத் தொடவில்லை. ஆனால் பேர்லக்காவின் தோளில் தலையை வைத்தாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவள் முதல் தடவையாக அழுகிற சத்தம் கேட்டது. நீளமான, ஒப்பாரி தெரியாத ஒரு பெண்ணின் அழுகை. அதன் கீழே பேர்லக்கா ஏதோ முனகினார். பாட்டா, ஆறுதலா தெரியவில்லை.

போகும்போது படியில் என் கையைப் பிடித்தார். கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"எங்கள் ஊரில் செத்தவரை ஒன்பது நாள் பாடி ஆடித்தான் அனுப்புவோம். நீ அவளிடம் சொல்லியிருந்தால் வீதி முழுக்க அவள் அழுதுகொண்டே ஆடியிருப்பாள். நாங்கள் எல்லோரும் அவளோடு அழுதிருப்போம். அந்தப் பிள்ளையைத் தனியே ஆடவிட்டாயே."

அக்கா, எங்களில் அப்படி இல்லை, சொல்லியிருந்தால் அவள் அறையைவிட்டே வந்திருக்கமாட்டாள் என்று சொல்ல நினைத்தேன். அது சரி. அவர் சொன்னதும் சரி. இரண்டு சரிக்கும் நடுவில் மலர் செருப்பில்லாமல் நடந்துபோனாள்.

நிலையம்

முப்பத்தொரு நாளும் ஒரே அறையில் இருந்தோம். சோறு வேணுமா, யன்னலைச் சாத்தவா, அவ்வளவுதான் கதை. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் எங்காவது பிடித்துக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மண்டபத்துக்கு அவளும் போகவில்லை, நானும் போகவில்லை. இரண்டு இறக்கைகளும் அலுமாரிக்குப் பின்னால் கிடந்து தூசியாயின.

குளிர் தொடங்கியபோது கனடாவுக்குப் போக அவளுக்கு வழி கிடைத்தது. நான் கேட்காமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈஸ்ட் ஹாம் நிலையத்துக்கு வந்தேன். அவள் தடுக்கவில்லை. இடது காலைச் சற்று நொண்டினாள். அந்தக் காயம் ஆறி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சாரம் கட்டுகிறவர்கள் இப்போது வேலை முடிந்து போய்விட்டார்கள். தெருவில் சத்தம் இல்லை. காலையில் களைந்த அரிசி தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் மலருக்கு நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. முகவரி இருக்கிறது. பலமுறை தொடங்கியிருக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதியதும் கை நின்றுவிடும். ஏன் என்பது அவள் கடைசியாகச் சொன்னதில் இருக்கிறது.

அன்று நிலையத்தில் ரயில் வருகிற காற்று முதலில் வந்தது. அவள் கழுத்துச் சால்வையை இழுத்து விட்டாள். நான் கேட்டேன்.

"மலர், காயிதம் போடட்டோ?"

அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். கதவு திறந்தது. ஏறி, திரும்பி நின்று, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"போடு. ஆரும் சுகமெண்டால் சுகமெண்டு எழுது. செத்தால் செத்ததெண்டு எழுது. இடையிலை ஒண்டும் எழுதாதை."